தாத்தாவின் மோரிஸ் மைனரில் வேறு கார்களின் பாகங்கள் கலந்திருக்கின்றன. அவற்றை எப்படி இனங்கண்டு விலை வைப்பது?

உங்கள் தாத்தா விட்டுச்சென்ற 1964ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் 1000 என்ற பழைய பிரிட்டிஷ் காரில் இரட்டைக் கார்ப்பரேட்டர், முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக், ஐந்து கியர் பாக்ஸ், எங்கிருந்தோ வந்த ஸ்பீடோமீட்டர் எல்லாம் இருப்பதாகவும், உதிரி பாகங்கள் அனைத்துக்கும் சேர்த்து ஒருவர் ஒரே விலை பேசுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த விலைக்கு இப்போது ஒப்புக்கொள்ள வேண்டாம். ஒரு பாகம் எந்தக் காருக்காகச் செய்யப்பட்டது என்று தெரியாதவரை அதற்கு யாரும் நியாயமான விலை சொல்ல முடியாது. தெரிந்துவிட்டால் மீதி பெரும்பாலும் கூட்டல் கணக்குதான். என் சித்தப்பாவின் மைனரை மூன்று ஆண்டுகள் அவரோடு சேர்ந்து கழற்றி மாட்டிய அனுபவத்தில் இதைச் சொல்கிறேன்.

முதலில் கார் எது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். அடிச்சட்ட எண் எம்ஏ2எஸ்5 என்று தொடங்கினால் அது இரண்டு கதவுகள் கொண்ட, 1962க்குப் பின் வந்த 1098 சிசி வரிசை; கடைசி 5க்குப் பதில் 3 இருந்தால் அதற்கு முந்தைய 948 சிசி. எஞ்சின் பிளாக்கில் உள்ள சிறு தகட்டில் எண் 10எம்ஏ என்று தொடங்கினால் மைனருக்கே உரிய எஞ்சின். 12 என்று தொடங்கினால் 1275 சிசி, அதாவது பிற்காலத்தில் வேறொரு காரிலிருந்து வந்தது. இரண்டு எண்களையும் சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பதிவோடு ஒப்பிடுங்கள். பொருந்தவில்லை என்றால் விலையைப் பற்றி யோசிப்பதற்கு முன் அதைத் தீர்க்க வேண்டும்.

அடுத்து, பாகத்தின் வடிவத்தைப் பார்க்காமல் அதைப் பிடித்திருக்கும் போல்ட்டைப் பாருங்கள். 1960களின் பிரிட்டிஷ் கார்களில் வழக்கமான 5/16 அங்குல போல்ட்டில் அங்குலத்துக்கு 24 மரை இருக்கும். தலைக்கு அரை அங்குல ஸ்பேனர் கச்சிதமாக உட்காரும். ஜப்பானிய கார்களில் அதே இடத்தில் 8 மில்லிமீட்டர் போல்ட் வரும். அதன் தலை பெரும்பாலும் 12 மில்லிமீட்டர். இரண்டின் தடிமனும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் கண்ணால் பிரித்தறிய முடியாது. மரைகளின் இடைவெளியை அளக்கும் மரையளவி ஒன்றை வாங்கிக்கொண்டால், உங்கள் கியர் பாக்ஸ் டட்சன் அல்லது டொயோட்டா வழியா, பிரிட்டிஷ் வழியா என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

பணம் அதிகம் புரள்வதும் ஏமாற்றம் அதிகம் நடப்பதும் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்ப்பரேட்டரிலும், எஞ்சின் பிளாக்கின்மேல் மூடியாக உட்காரும் சிலிண்டர் ஹெட்டிலும்தான். மைனர் தொழிற்சாலையிலிருந்து எஸ்யூ என்ற பிரிட்டிஷ் தயாரிப்பான ஒற்றைக் கார்ப்பரேட்டருடன் வந்த கார். சித்தப்பா தம் காரிலிருந்த இரட்டைக் கார்ப்பரேட்டரை வேகத்துக்குப் பெயர்போன மினி கூப்பர் எஸ் காருடையது என்று நம்பி, அதற்கேற்ற பெரிய தொகையை ஒருவரிடம் கொடுத்திருந்தார். கார்ப்பரேட்டரில் பெட்ரோல் தேங்கும் மிதவை அறையின் மூடித் திருகுக்கு அடியில் இருந்த அலுமினியப் பட்டையை ஒரு பட்டறை அங்கிள் துடைத்து, ஏயூடி என்று தொடங்கும் எண்ணை வாசித்துக் காட்டிய பிறகுதான் அது எம்ஜி மிட்ஜெட்டின் ஜோடி என்று தெரிந்தது. இரண்டு கார்களிலும் 1¼ அங்குல எஸ்யூதான். வெளித்தோற்றம் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தப் பட்டை இருந்தால் கழற்றித் தொலைத்துவிடாதீர்கள்.

ஹெட்டும் அப்படித்தான். 12ஜி940 என்ற வார்ப்பு எண்ணைக் காட்டி கூப்பர் எஸ் விலை கேட்பவர்கள் உண்டு. ஆனால் அதே எண் சாதாரண ஆஸ்டின் 1300, மோரிஸ் மெரினா போன்ற கார்களின் ஹெட்டிலும் இருக்கிறது. உள்ளிழுக்கும் வால்வை அளந்து பாருங்கள்: கூப்பர் எஸ் ஹெட்டில் ஏறக்குறைய 35.6 மில்லிமீட்டர், சாதாரண ஹெட்டில் 33.3 மில்லிமீட்டர். 1098 பிளாக்கின்மேல் இந்த ஹெட்டைப் பொருத்தியிருந்தால், வெளியேற்றும் வால்வு இடிக்காதபடி பிளாக்கில் பள்ளம் வெட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

டிஸ்க் பிரேக் மெரினாவுடையதாக இருக்க வாய்ப்பு அதிகம், ஏனெனில் அந்தக் காரின் முன் சஸ்பென்ஷன் மைனரிலிருந்தே பிறந்தது. அப்படியானால் அதை வாங்க ஆள் இருக்கும். யாரோ வெல்டிங் செய்த தாங்கியில் காலிப்பர் (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) மாட்டப்பட்டிருந்தால், நான் அதற்கு விலையே கேட்க மாட்டேன். பிரேக் விஷயத்தில் உறுதி தர முடியாத ஒன்றை இன்னொருவருக்கு விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஸ்பீடோமீட்டர் ஸ்மித்ஸ் நிறுவனத்துடையது என்றால், முகப்பின் அடியில் பொடி எழுத்தில் மைலுக்கு எத்தனை சுற்று என்ற எண் இருக்கும்; அது எந்தக் காருக்கானது என்பதற்கு நல்ல தடயம் அது.

இனி விலை. அதே பாகத்தைப் பிரிட்டனிலிருந்து தருவித்தால் சிங்கப்பூரில் கைக்கு வரும்போது என்ன ஆகும் என்பதே உச்சவரம்பு. ஏற்றுமதிக்கு அங்குள்ள 20 விழுக்காட்டு வரியைக் கழித்துத் தரும் கடைகள் உண்டு. ஒரு கணக்குக்கு, அவ்வாறு கழித்தபின் பொருள் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அனுப்பும் செலவும் காப்புறுதியும் 100 வெள்ளி என்றால், 600 வெள்ளிக்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரி 54 வெள்ளி. ஆக 654 வெள்ளி. பழைய பாகத்துக்கு அதில் பாதிக்கு மேல் நான் கேட்டதில்லை, தேய்மானத்தை அளந்து காட்ட முடிந்தால் தவிர. கார்ப்பரேட்டரின் திராட்டில் தண்டு (காற்று வழியைத் திறந்து மூடும் தண்டு) தேய்ந்து ஆடினால் பழுதுபார்க்கும் செலவையும் கழியுங்கள். ஜப்பானிய கியர் பாக்ஸுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மலேசியாவின் ஜொகூர் பாருவில் பாதியாக வெட்டிக் கொண்டுவந்த பழைய கார்களின் பாகங்களை விற்கும் ஹாஃப் கட் கடைகளில் என்ன விலை என்று கேட்டு, அதைத்தான் வரம்பாக வைக்க வேண்டும்.

ஆனால் எதையும் கழற்றும் முன் ஒன்று செய்யுங்கள். உங்கள் கார் பதிவாகி 35 ஆண்டுகளைக் கடந்திருந்தால், ஆண்டுக்கு 45 நாள் ஓட்டக்கூடிய கிளாசிக் வாகனத் திட்டத்துக்கு அது தகுதி பெறலாம். ஓடக்கூடிய முழுக் கார் ஒன்றைத் தேடுபவர் பாகங்களுக்குத் தனித்தனியாகக் கிடைப்பதைவிட அதிகம் தருவார், குறிப்பாகத் தாத்தா கழற்றி வைத்த அசல் பாகங்களும் கூடவே வந்தால். ஒற்றைக் கார்ப்பரேட்டர், அதை எஞ்சினோடு இணைக்கும் குழாயான மேனிஃபோல்டு, 8 அங்குல பிரேக் டிரம்கள், பழைய நான்கு கியர் பாக்ஸ் ஆகியவை ஸ்டோர் ரூமில் செய்தித்தாளில் சுற்றிக் கிடக்கின்றனவா என்று பாட்டியிடம் இன்றே கேளுங்கள். சித்தப்பாவின் பாகங்கள் கட்டிலுக்கு அடியில் ஒரு மைலோ டின்னுக்குள்ளும் இரண்டு அரிசி மூட்டைகளுக்குள்ளும் இருந்தன.