அம்மாவைச் சிறிய விமானத்தில் சிகிச்சைக்கு அழைத்துப் போகலாமா?

கேள்வி: ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்தின் ஸ்வான் ஹில்லில் வசிக்கிறோம். 68 வயதான அம்மாவுக்கு மெல்பர்னில் மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை நடக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை போக வேண்டும். காரில் நான்கு மணி நேரம் உட்கார்ந்து போய்ச் சேர்வதற்குள் முதுகுவலியில் துவண்டுவிடுகிறார். ஏஞ்சல் ஃப்ளைட் அமைப்பின் விமானிகள் இலவசமாக அழைத்துப் போவார்கள் என்கிறார்கள். நம்பிப் போகலாமா? யாரிடம் கேட்பது?

பதில்: கேட்டுப் பார்க்கலாம் சகோதரி. ஆனால் குடும்பத்தார் நேரடியாகக் கேட்டுப் பயனில்லை. அம்மாவின் மருத்துவரோ, தாதியோ, மருத்துவமனைச் சமூகப்பணியாளரோதான் விண்ணப்பிக்க வேண்டும். நானும் கிராமப்புற மருத்துவமனையில் சமூகப்பணியாளர்தான். இதற்கான படிவங்களைப் பலமுறை நிரப்பியிருக்கிறேன்.

2003-இல் தொடங்கிய அமைப்பு இது. விமானிகள் தங்கள் நேரத்தையும் விமானத்தையும் தருகிறார்கள். நகரத்தில் இறங்கியதும் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட 'எர்த் ஏஞ்சல்ஸ்' எனப்படும் தன்னார்வ ஓட்டுநர்களும் உண்டு. நோயாளியும் துணைக்கு வருபவரும் காசு தர வேண்டியதில்லை.

இதை ஆம்புலன்ஸ் என்று நினைத்துவிடாதீர்கள். 1928-இல் தொடங்கிய பறக்கும் மருத்துவர் சேவை வேறு. அதில் தாதி இருப்பார், மருந்து இருக்கும். இங்கே இருப்பவர் விமானி மட்டுமே. அம்மா தானாக ஏறி, பெல்ட் போட்டு நிமிர்ந்து உட்கார முடிய வேண்டும். வழியில் எந்த மருத்துவ உதவியும் தேவைப்படக் கூடாது. இந்த விமானங்கள் பெரும்பாலும் காற்றழுத்தம் சீராக்கப்படாதவை. உயரே போகப் போக உடம்புக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறையும், உள்ளே அடைபட்ட காற்று விரியும். அதனால் கீமோவுக்குப் பிறகு ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது, அண்மையில் நுரையீரலிலோ கண்ணிலோ ஏதாவது செய்தார்களா என்பதை எல்லாம் மருத்துவரிடம் சொல்லி, பறக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதுகுவலியையும் மறக்காமல் சொல்லுங்கள். எலும்பில் ஏதும் இருக்கிறதா என்று அவர் பார்க்க வேண்டியிருக்கலாம்.

நம்பலாமா என்று கேட்டீர்கள். ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இந்த அமைப்பு ஏற்பாடு செய்த பயணங்களில் 2011-இல் ஹோர்ஷம் அருகிலும், 2017-இல் மவுண்ட் கேம்பியரிலும் விபத்து நடந்து மும்மூன்று பேர் இறந்தார்கள். இரண்டிலுமே மோசமான வானிலை. 2019 அறிக்கையில் ஆஸ்திரேலிய விபத்து விசாரணை அமைப்பு, பயணக் கணக்கில் பார்த்தால் மற்ற தனியார் விமானப் பயணங்களைவிட இவற்றில் உயிரிழப்பு விபத்து விகிதம் பல மடங்கு அதிகம் என்றது. ஏஞ்சல் ஃப்ளைட் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. அதே ஆண்டு விமானப் பாதுகாப்பு ஆணையம் விமானியின் அனுபவம், விமானப் பராமரிப்பு ஆகியவற்றுக்குக் கூடுதல் நிபந்தனைகள் விதித்தது. வழக்கமான பயணிகள் விமானம் இருக்கும் ஊர் என்றால் அதையே முதலில் கேளுங்கள் என்பேன். உங்கள் ஊருக்கு ரயில் இருக்கிறது, ஆனால் அதிலும் நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். நீங்கள் இதை யோசிப்பது எனக்கு நன்றாகவே புரிகிறது.

நான் பார்த்த குடும்பங்கள் தெரியாமல் செய்யும் தவறு ஒன்று உண்டு. அப்பாயின்ட்மென்ட் தவறிவிடுமே என்ற தவிப்பில், "எப்படியாவது கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்" என்று விமானியிடம் கெஞ்சுவார்கள். உதவ வந்த மனிதருக்கு அந்தச் சொல் பெரும் சுமை. மேகம் தாழ்ந்திருக்கும் காலையில், மனம் போகாதே என்று சொல்லும்போதும் அது அவரைக் கிளப்பிவிடக்கூடும். அவர் போன் செய்து "இன்று வேண்டாம்" என்றால், சரி என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுங்கள். அப்படிச் சொல்ல முடிய வேண்டுமானால் மாற்று வழி கையில் இருக்க வேண்டும். நாள் மாற்ற மருத்துவமனையில் யாரிடம் பேசுவது, அவசரமென்றால் காரை யார் ஓட்டுவது என்பதை முந்தைய வாரமே முடிவு செய்துவையுங்கள். காரில் போக நேர்ந்தால், ஒரு வழி 100 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து சிறப்பு மருத்துவரைப் பார்க்கும் நோயாளிகளுக்கு விக்டோரியா அரசு தரும் பயண உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். அதையும் உங்கள் சமூகப்பணியாளரிடம் கேளுங்கள்.

அப்பாயின்ட்மென்டை 11 மணிக்கும் 1 மணிக்கும் இடையில் கேட்டு வாங்குங்கள். குளிர்காலக் காலைகளில் மூடுபனி விலக நேரம் எடுக்கும்; திரும்பி வருவதும் வெளிச்சம் இருக்கும்போதே முடிய வேண்டும்.

எடை கேட்டால் ஒரு கிலோகூடக் குறைத்துச் சொல்ல வேண்டாம். நான்கு இருக்கை இருப்பதால் நான்கு பேரும் பெட்டிகளும் முழு டாங்க் எரிபொருளும் ஏற்றலாம் என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு கிலோவையும் கூட்டித்தான் விமானி கணக்குப் போடுவார். பையைத் தராசில் வைத்துப் பாருங்கள். எவர்சில்வர் டிபன் கேரியரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

மெல்பர்ன் வரை ஒன்றேகால் மணி நேரம் ஆகலாம். உள்ளே கழிப்பறை கிடையாது. கிளம்புமுன் போய்வரச் சொல்லுங்கள். சில விமானங்களில் இறக்கைமேல் கால் வைத்துத்தான் ஏற வேண்டும். புடவையைவிடச் சுடிதார் வசதி. எஞ்சின் சத்தத்துக்கு ஹெட்செட் மாட்டுவார்கள், அது கொண்டையில் இடிக்கும். அன்றைக்கு அம்மாவுக்குத் தலையைத் தாழப் பின்னிவிடுங்கள்.