அயனியாக்கும் ஆற்றல்களை வைத்து தனிமத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஓர் அணுவிலிருந்து எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக நீக்கத் தேவைப்படும் ஆற்றல்களே அயனியாக்கும் ஆற்றல்கள். கேள்வியில் வரிசையாகக் கொடுத்திருக்கும் முதல் நான்கு எண்கள்: 578, 1817, 2745, 11577 கிலோஜூல்/மோல். இது எந்தத் தனிமம்?

எண்களின் அளவை விட்டுவிட்டு, எங்கே திடீரென்று எகிறுகிறது என்று மட்டும் முதலில் பாருங்கள். மூன்றாவதிலிருந்து நான்காவதுக்குப் போகும்போது நான்கு மடங்குக்கும் மேல். அதாவது மூன்று எலக்ட்ரான்கள் வெளிக்கூட்டிலிருந்து ஓரளவு சுலபமாக வந்துவிட்டன. நான்காவதை உள்கூட்டிலிருந்து பிடுங்க வேண்டியிருக்கிறது. அங்கே கருவின் ஈர்ப்பு மிக வலுவானது. ஆகவே இணைதிறன் எலக்ட்ரான்கள் (வெளிக்கூட்டில் இருப்பவை) 3, தனிம வரிசை அட்டவணையில் தொகுதி 13.

சரி, அந்தத் தொகுதியில் எது? போரானின் முதல் ஆற்றல் 801, அது இல்லை. காலியத்தில்தான் பலர் தடுமாறுவார்கள்: அதன் முதல் மதிப்பும் ஏறத்தாழ 579! முதல் எண்ணை மட்டும் நம்பினால் மாட்டிக்கொள்வோம். ஆனால் காலியத்தின் நான்காவது எலக்ட்ரான் 3டி ஆர்பிட்டாலிலிருந்து (உள்கூட்டில் எலக்ட்ரான்கள் இருக்கும் ஒரு பகுதி) வருவதால் சுமார் 6200 போதும். இங்கே 11577 கேட்கிறது, ஏனென்றால் மூன்று எலக்ட்ரான்கள் போனபின் மிஞ்சுவது நியானின் நிரம்பிய, நிலையான எலக்ட்ரான் அமைப்பு. எனவே விடை அலுமினியம்.

அப்புறம் ஒன்று: அட்டவணையில் அலுமினியத்துக்கு இடப்பக்கம் இருக்கும் மக்னீசியத்தின் முதல் ஆற்றல் 738. வலப்பக்கம் போகப்போக கூடும் என்று மனப்பாடம் செய்தவர்கள் 578-ஐப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அலுமினியத்தில் முதலில் வெளியேறுவது 3பி எலக்ட்ரான். 3எஸ்-ஐ விட அது சற்று தளர்வாகவே இருக்கிறது.