தாடையில் இருக்கும் பிளேட்டை எடுத்தே ஆகவேண்டுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 27. மூன்று வருடங்களுக்கு முன்னால் மேல்தாடை, கீழ்தாடை இரண்டையும் சரிசெய்யும் ஆபரேஷன் செய்துகொண்டேன். எலும்பைப் பிடித்து நிறுத்த உலோக பிளேட் வைத்திருக்கிறார்கள். இப்போது கடி சரியாக இருக்கிறது. ஆனால் இடது கீழ்க் கடைவாய்ப் பக்கம் விரல் வைத்தால் மேடாகத் தட்டுப்படுகிறது. குளிர் நாட்களில் வலிக்கவும் செய்கிறது. “உடம்புக்குள்ளே இரும்பை வைத்துக்கொண்டு இருப்பதா, எடுத்துவிடு” என்கிறார் அம்மா. எடுத்தால் தாடை பழையபடி போய்விடுமோ என்று பயம். கீழுதட்டின் ஓரம் இன்னும் மரத்தே இருக்கிறது. பிளேட்டை எடுத்தால் அது சரியாகுமா?

பதில்: அம்மாவின் கவலை நியாயமானதுதான். ஆனால் இந்த ஆபரேஷனில் வழக்கமாக வைப்பது இரும்பு அல்ல, டைட்டானியம். துருப்பிடிக்காது. தொந்தரவு தராத பிளேட் ஆயுள் முழுக்க அங்கேயே இருக்கலாம். எல்லோருக்கும் ஒரு வருடத்தில் எடுத்துவிட வேண்டும் என்று விதி எதுவும் இல்லை.

தாடை பழையபடி போகாது. வெட்டி நகர்த்திய எலும்பு ஒட்டும்வரை அசையாமல் பிடித்துக்கொள்வதுதான் பிளேட்டின் வேலை. ஆறு முதல் எட்டு வாரத்தில் எலும்பு கூடிவிடும். நன்றாக உறுதிப்பட மேலும் சில மாதங்கள் ஆகும். மூன்று வருடத்துக்குப் பிறகு உங்கள் தாடையைத் தாங்குவது உங்கள் எலும்புதான்.

உதட்டு மரமரப்பைப் பற்றி மனதில் பட்டதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கீழுதட்டுக்குப் போகும் நரம்பு கீழ்தாடை எலும்புக்குள்ளேயே ஓடுகிறது. எலும்பைப் பிளக்கும்போது அது இழுபட்டோ நசுங்கியோ போனதால் வந்த மரமரப்பு இது. பிளேட்டை எடுப்பதால் போன உணர்ச்சி பொதுவாகத் திரும்பாது. அந்த நம்பிக்கையோடு மட்டும் ஆபரேஷன் மேஜையில் படுக்காதீர்கள். எடுக்கும்போது மரமரப்பு கொஞ்ச நாளுக்குக் கூடவும் வாய்ப்புண்டு.

அப்படியென்றால் எப்போது எடுப்பது? ஈறு திறந்து உலோகம் தெரிந்தால், சீழோ கெட்ட சுவையோ வந்தால், ஸ்குரூ தளர்ந்தால் எடுத்துவிட வேண்டியதுதான். மேடும் குளிர் வலியும் உங்களை நிஜமாகவே தொந்தரவு செய்தால் அதுவும் போதுமான காரணம்தான். “சும்மா பயப்படுகிறீர்கள்” என்று யாரும் தள்ளிவிட வேண்டியதில்லை. ஆனால் அதற்கு முன், வலி பிளேட்டில்தானா என்று பார்க்க வேண்டும். வலிக்கும் இடத்தை ஒரே விரல்நுனியால் காட்டச் சொல்வேன். விரல் நேராக மேட்டில் போய் நின்றால் பிளேட்டைச் சந்தேகிக்கலாம். காதோரம், கன்னம் என்று அலைந்தால் தாடை மூட்டையும் தசையையும் கடைவாய்ப் பல்லின் வேரையும் முதலில் பார்க்க வேண்டும். முழுத் தாடை எக்ஸ்ரேயில் ஸ்குரூவைச் சுற்றிக் கறுப்பு வளையம் தெரிந்தால் அது தளர்ந்திருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

எடுப்பதென்றால் அந்த இடது பக்கத்தை மட்டும் எடுத்தால் போதும். மேல்தாடையில் இருப்பவை சும்மா இருந்தால் சும்மாவே இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாக எடுத்துவிடலாம் என்று சொன்னால், ஏன் என்று கேளுங்கள்.

வாய்க்குள் பழைய தழும்பு வழியாகவே திறப்போம், முகத்தில் வடு வராது. நாள் ஆக ஆக எலும்பு பிளேட்டின் மேல் வளர்ந்து மூடிக்கொள்ளும். 1952-ல் ஸ்வீடன் மருத்துவ ஆய்வாளர் பிரோனமார்க் முயலின் கால் எலும்பில் பொருத்திய டைட்டானியக் கருவியைக் கழற்ற முடியாமல் திகைத்ததும் எலும்பு டைட்டானியத்தோடு இப்படி ஒட்டிக்கொள்ளும் குணத்தால்தான். அதனால் சில சமயம் எலும்பைக் கொஞ்சம் செதுக்கித்தான் ஸ்குரூவின் தலையைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். அந்தத் தலையின் பள்ளம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. பொருந்தாத திருப்புளியை விட்டால் பள்ளம் தேய்ந்து, ஐந்து நிமிட வேலை ஒரு மணி நேரமாகிவிடும். அதனால் பழைய ஆபரேஷன் குறிப்பையும், அதில் ஒட்டியிருக்கும் பிளேட் ஸ்டிக்கரையும் கேட்டு வாங்கிக் கையோடு எடுத்துப் போங்கள். வேறு டாக்டரிடம் போவதாக இருந்தால் இது மிகவும் முக்கியம்.

பெரும்பாலும் அன்றே வீடு திரும்பிவிடலாம். வீக்கம் இரண்டு, மூன்று நாள் ஏறி அப்புறம் வடியும். குழைவான சாப்பாடு, சாப்பிட்டதும் உப்புநீர்க் கொப்பளிப்பு. ஸ்குரூ இருந்த ஓட்டைகளில் எலும்பு நிரம்பச் சில மாதங்கள் ஆகும். முகத்தில் அடிபடக்கூடிய விளையாட்டை எப்போது தொடங்கலாம் என்று உங்கள் சர்ஜனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: தாடையில் டைட்டானியம் பிளேட் இருக்கும்போது எம்ஆர்ஐ எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம். டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது. ஸ்கேன் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிளேட் இருக்கும் இடத்தைச் சுற்றிப் படம் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான்.