பையன் தூங்கிவிட்டான் என்று நினைக்கிறீர்களா?

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. 4 வயதிலேயே படுக்கையை நனைப்பது நின்றுவிட்டது. மூன்று மாதமாக மறுபடி நனைக்கிறான். பள்ளிக்குக் கிளம்பும்போது வயிறு வலிக்கிறது என்கிறான். கணவர் குடித்துவிட்டு வந்து என்னை அடிப்பார். ஆனால் அதற்குள் பையன் தூங்கிவிடுவான், எதையும் பார்த்ததில்லை. மாத்திரை உண்டா?

பதில்: முதலில் சிறுநீரைப் பரிசோதியுங்கள், தொற்றோ சர்க்கரையோ இருக்கலாம். அடிக்கடி தண்ணீர் கேட்கிறான், மெலிகிறான் என்றால் இன்றே ரத்தச் சர்க்கரை பார்க்க வேண்டும். மலச்சிக்கலும் சிறுநீர்ப்பையை அழுத்தும். இவை எதுவும் இல்லை, 6 மாதத்துக்கு மேல் நின்றிருந்தது திரும்பியிருக்கிறது என்றால், நான் வீட்டு நிலவரத்தைத்தான் கேட்பேன். நீங்களே எழுதிவிட்டீர்கள்.

அவன் பார்க்காமல் இருந்திருக்கலாம், கேட்டிருப்பான். வண்டிச் சத்தத்திலும் கதவு தட்டும் விதத்திலுமே அன்றைய ராத்திரி எப்படிப் போகும் என்று பிள்ளைகள் கணித்துவிடுவார்கள். கண்ணை மூடிப் படுத்திருப்பதெல்லாம் தூக்கமல்ல. பயத்தில் சுரக்கும் ஹார்மோன்களான அட்ரினலினும் கார்ட்டிசாலும் அடங்காத உடம்பில் தூக்கம் கெடும், வயிறு பிசையும், பாடம் ஏறாது. காலை வயிற்று வலி நடிப்பல்ல. தான் பள்ளியில் இருக்கும்போது அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயமும் அதில் இருக்கலாம்.

டெஸ்மோபிரசின் மாத்திரை இரவில் சிறுநீர் சுரப்பதைக் குறைக்கும், அவ்வளவுதான். பயத்துக்கு அது மருந்தல்ல.

நனைத்தால் திட்டாமல் துணியை மாற்றுங்கள். இந்த வயதுப் பிள்ளை சண்டைக்குத் தானே காரணம் என்று நம்பும். "உன்னால இல்லடா" என்று பகலில், அமைதியான நேரத்தில் சொல்லுங்கள். அடி விழும்போது குறுக்கே வரக்கூடாது, எந்த வீட்டுக்கு ஓட வேண்டும் என்று இப்போதே பழக்குங்கள். தடுக்க வரும் பிள்ளைகளுக்கும் அடிபடுகிறது. "அப்பா குடிச்சிருக்காரா பாரு" என்று அவனை அனுப்பவே அனுப்பாதீர்கள்.

பெண்கள் உதவி எண் 181-க்கு அழைத்தால் மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் வழிகாட்டுவார்கள். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, அடிப்பதைத் தடுக்கவும், அந்த வீட்டிலேயே நீங்கள் குடியிருக்கவும், பையன் உங்களிடமே இருக்கவும் மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். அடிபட்ட அன்றே மருத்துவமனையில் காயத்தைப் பதிவு செய்யுங்கள். கழுத்தை நெரித்திருந்தால் தடம் தெரியாவிட்டாலும் போங்கள், அது உயிருக்கு ஆபத்தான அறிகுறி. பையனுக்குக் குழந்தைகள் உதவி எண் 1098, மனநல ஆலோசனைக்கு 14416.

வீடு அமைதியான பிறகும் நனைப்பது நிற்கச் சில வாரம், மாதம்கூட ஆகலாம். இடையில் அவன் உங்களிடமே எரிந்து விழலாம். இனி அடி விழாது என்று தெரிந்த இடத்தில்தான் பிள்ளை அடக்கிவைத்த கோபத்தைக் காட்டும்.