நாயை விரட்டினால் புழு போய்விடுமா?

கேள்வி: ஐயா, எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) நான்கு நாய்கள் இருக்கின்றன. ஏழு வயது மகனுக்குப் பாதத்தில் சிவப்பாக ஒரு கோடு பாம்பு போல வளைந்து போகிறது. ராத்திரியெல்லாம் சொறிகிறான். நாய்ப் புழுதான் காரணம், விரட்டிவிடு என்கிறார் மாமியார். என்ன செய்ய?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, புழு நாயிடமிருந்து வந்திருக்கலாம், மாமியார் சொல்வது சரிதான். ஆனால் இப்போது அது மண்ணில் இருக்கிறது. தோட்டத்து டிரசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்த காலத்தில் ஒரு லயத்தில் நாய்களை விரட்டியதைப் பார்த்தேன். சில மாதங்களில் வேறு நாய்கள் வந்து சேர்ந்தன, பிள்ளைகளின் சொறியும் திரும்பி வந்தது.

நாய் மலத்தோடு விழும் கொக்கிப்புழு முட்டை, ஈரமான நிழல் மண்ணில் ஓரிரு நாளில் பொரிந்துவிடும். அடுத்த வாரத்துக்குள் வெறுங்காலைத் துளைக்கும் அளவுக்கு வளர்ந்துவிடும். குழாயடியும், செம்பனை நிழலும் அதற்கு ரொம்பப் பிடித்த இடங்கள். வெயிலில் காய்ந்தால் செத்துவிடும்.

உங்கள் மகன் காலில் ஓடும் வகை பெரும்பாலும் தோலுக்குள்ளேயே அலைந்து, சில வாரங்களில் செத்துவிடும். எனக்குக் கவலை இன்னொரு வகையைப் பற்றி. இலங்கையின் பழைய பெயரைத் தாங்கிய அன்கைலோஸ்டோமா சிலானிகம், நாயிடமிருந்து வந்து மனிதக் குடலிலும் வளர்ந்து ரத்தம் குடிக்கும். நம் மலேசியக் கிராமங்களில் மனிதரிடமும் நாயிடமும் இதைக் கண்டிருக்கிறார்கள். ஒரு சிறுமி செங்கல் துண்டைக் கடித்துத் தின்கிறாள் என்று அம்மா அழைத்து வந்தார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், வெள்ளைத் துணி மாதிரி இருந்தது. ரத்தம் அவ்வளவு குறைந்திருந்தது, செங்கல் தின்னும் ஆசையும் அதனால்தான். வெறும் மண் தின்னும் பழக்கம் என்று வீட்டில் அடித்துக் கொண்டிருந்தார்கள், பாவம்.

அதனால் மகனை அரசாங்க கிளினிக்குக் கூட்டிப் போங்கள், மலப் பரிசோதனையும் கேளுங்கள். அல்பெண்டசோல் என்ற பூச்சி மருந்தை எத்தனை நாள் கொடுப்பது என்பதை டாக்டர் சொல்வார். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் கேட்காமல் மருந்து கொடுக்காதீர்கள்.

அப்புறம் நாய்கள். நான்குக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பூச்சி மருந்து. குட்டிகளுக்கு இரண்டு வார வயதிலேயே தொடங்க வேண்டும், ஏனென்றால் தாய்ப்பாலிலேயே புழு வரும். அண்டை வீட்டாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒரு வீடு மட்டும் செய்தால் பலனில்லை. மலத்தைத் தினமும் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். பையனுக்குச் சிலிப்பர் கட்டாயம்.

இன்று கோட்டின் முனையில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். கிளினிக்கில் அதைக் காட்டி, எவ்வளவு நகர்ந்தது என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.