கணினி கேள்வி – பதில்: முந்திரிக் குறி வந்தால் எடிட்டர் திணறுவது ஏன்?

கேள்வி: பழைய நிலக் கணக்குச் சுவடிகளை உபுண்டு லினக்ஸில் ஈமாக்ஸ் 29 எடிட்டரில் தட்டச்சு செய்கிறேன். சாதாரணத் தமிழ் தடையில்லாமல் ஓடுகிறது. முந்திரி என்ற பின்னம், உழக்கு, பதக்கு என்ற அளவைகள் போன்றவற்றின் குறிகள் உள்ள பக்கத்துக்குப் போனால் மட்டும் கர்சர் சில நொடிகள் உறைந்துவிடுகிறது. சில குறிகள் வெறும் கட்டமாகத் தெரிகின்றன. ஏற்கெனவே பார்த்த பக்கத்துக்குக் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினாலும் அதே திணறல். 16 ஜிபி ரேம் இருக்கிறது. கணினியை மாற்ற வேண்டுமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: மாற்ற வேண்டாம். ரேமுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிரச்சினை எழுத்துருவில்.

ஓர் எழுத்தைத் திரையில் வரையும் முன், நீங்கள் வைத்திருக்கும் இயல்பு எழுத்துருவில் அது இருக்கிறதா என்று ஈமாக்ஸ் பார்க்கும். இல்லையென்றால் கணினியிலுள்ள மற்ற எழுத்துருக்களில் தேடப் புறப்படும். அ முதல் ன வரையிலான வழக்கமான எழுத்துகள், எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுக்கும் யூனிகோடில் 2944 முதல் 3071 வரையுள்ள தொகுதியில் இருக்கின்றன. எந்த யூனிகோடு தமிழ் எழுத்துருவிலும் கிடைத்துவிடும். உங்கள் முந்திரியோ, அதாவது 1/320, எங்கோ தள்ளி 73664-ஆம் எண்ணில் உட்கார்ந்திருக்கிறது. பின்னக் குறிகளும் செவிடு, ஆழாக்கு, உழக்கு, பதக்கு முதலிய முகத்தல் குறிகளும் பிற குறிகளும் சேர்ந்த 51 எழுத்துகள், 2019-இல் வந்த யூனிகோடு 12-இல்தான் ‘தமிழ் சப்ளிமென்ட்’ என்ற தனித் தொகுதியாக இடம்பெற்றன. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் இவை கிடையா. தேடல் வெறுங்கையோடு திரும்பினால் கட்டம்தான் வரும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களை நூற்றுக்கணக்கில் நிறுவியிருந்தாலும் பயனில்லை. அவை ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை ஒளித்து வைத்திருப்பவை.

முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். குறியின் மேல் கர்சரை வைத்து கன்ட்ரோல்-யூ, கன்ட்ரோல்-எக்ஸ், அடுத்து சமக்குறி (=) தட்டுங்கள். திறக்கும் சாளரத்தில் ‘டிஸ்ப்ளே’ என்ற வரியைப் பாருங்கள். எந்த எழுத்துருவும் இல்லை என்று சொன்னால் மேலே சொன்னதுதான் காரணம். எழுத்துருவின் பெயர் வந்தால், அது நீங்கள் எதிர்பார்த்த எழுத்துருதானா என்று கவனியுங்கள். சம்பந்தமே இல்லாத ஒரு பெரிய எழுத்துரு நிற்பது உண்டு.

கூகுள் ஃபான்ட்ஸ் தளத்திலிருந்து ‘நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட்’ எழுத்துருவை இறக்கி, நிறுவி, ஆணை தட்டும் சாளரமான டெர்மினலில், எழுத்துருப் பட்டியலைப் புதுப்பிக்கும் எஃப்சி-கேச் ஆணையை ஒருமுறை ஓட்டுங்கள். பிறகு, ஈமாக்ஸ் தொடங்கும்போது படிக்கும் இனிட் கோப்பில் செட்-ஃபான்ட்செட்-ஃபான்ட் என்ற ஃபங்ஷனை எழுதி, மூன்று விவரம் கொடுங்கள். முதலாவது ‘டி’ (t) என்ற ஒற்றை எழுத்து: எல்லாச் சாளரத்துக்கும் பொதுவான ஃபான்ட்செட், அதாவது எந்த எழுத்துக்கு எந்த எழுத்துரு என்ற பட்டியல், என்று பொருள். இரண்டாவது 73664 முதல் 73727 வரை என்ற எல்லை. எண்களுக்கு நடுவே ஒரு புள்ளி, அதன் இருபுறமும் இடைவெளி, எல்லாவற்றையும் சுற்றி அடைப்புக்குறி, அதற்கு முன்னால் ஒற்றை மேற்கோள். மூன்றாவது, இரட்டை மேற்கோளுக்குள் எழுத்துருவின் பெயர். அதே வரியை இன்னொரு முறை எழுதி, 2944 முதல் 3071 வரையிலான எல்லைக்கு நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் தமிழ் எழுத்துருவைக் கொடுத்துவிட்டால் ஈமாக்ஸ் தேடி அலைய வேண்டியதில்லை.

பெயரில் ஓர் எழுத்துப் பிசகினாலும் ஈமாக்ஸ் பிழை காட்டாது; பேசாமல் பழையபடி தேடப் போய்விடும். ‘எல்லாம் செய்தேன், மாறவில்லை’ என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. மறுபடி சமக்குறி உத்தியால் சரிபாருங்கள்.

பார்த்த பக்கமே திரும்பத் திணறுவதற்குக் காரணம் வேறு. கார்பேஜ் கலெக்‌ஷன் என்ற பெயரில் ஈமாக்ஸ் தன் நினைவகத்தில் சேரும் குப்பையை அவ்வப்போது கூட்டிப் பெருக்கும். அப்போது, திறந்த எழுத்துருக்களை உடனே எடுக்க வசதியாக வைத்திருக்கும் கேச்சையும் சுருக்கிவிடும். பெரிய எழுத்துருவாக இருந்தால் அடுத்த முறை மறுபடி திறக்க நேரமாகும். இன்ஹிபிட்-காம்பாக்டிங்-ஃபான்ட்-கேச்சஸ் என்ற மாறிக்கு ‘டி’ மதிப்பு கொடுத்தால் இந்தச் சுருக்கல் நின்றுவிடும். பல எழுத்துருக்கள் திறந்திருக்கும்போது நினைவகம் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும். உங்கள் 16 ஜிபிக்கு அது பொருட்டே அல்ல. ஆனால் கார்பேஜ் கலெக்‌ஷன் வரம்பையே ஏகத்துக்கு உயர்த்தச் சொல்லும் யோசனையைக் கேட்காதீர்கள். குப்பை சேரச் சேர, ஒருநாள் பெருக்கும்போது இன்னும் நீளமாகத் தடைபடும்.

இத்தனைக்கும் பிறகு மெதுவாக இருந்தால் ஆல்ட்-எக்ஸ் தட்டி, எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று அளக்கும் ப்ரொஃபைலர்-ஸ்டார்ட் கொடுத்து, சிபியு முறையைத் தேர்ந்தெடுங்கள். திணறும் பக்கத்தில் மேலும் கீழும் நகர்ந்துவிட்டு ப்ரொஃபைலர்-ரிப்போர்ட் பாருங்கள். பட்டியலின் மேலே ‘ஆட்டோமேடிக் ஜிசி’ (ஜிசி என்பது கார்பேஜ் கலெக்‌ஷன்) நின்றால் குப்பை பெருக்கும் வேலைதான் காரணம். ‘ஃபான்ட்-லாக்’ நின்றால் எழுத்துருமேல் பழி போடாதீர்கள். அது நிறம் தீட்டும் வேலை, பெயரில்தான் ஃபான்ட் இருக்கிறது.

கேள்வி: ‘கொடை’ என்று தேடினால் கோப்பில் பாதி இடங்கள்தான் அகப்படுகின்றன. கண்ணுக்கு எல்லாம் ஒன்றாகவே தெரிகிறது.
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: ‘கொ’வை இரண்டு வகையில் சேமிக்கலாம். ஒகரக் குறியை 3018 என்ற ஒரே எண்ணாக வைப்பது ஒன்று. கொம்பையும் காலையும் 3014, 3006 என்று இரண்டாக வைப்பது மற்றொன்று. திரையில் வித்தியாசம் தெரியாது. முழுக் கோப்பையும் தேர்ந்தெடுத்து, ஆல்ட்-எக்ஸ் வழியாக யூசிஎஸ்-நார்மலைஸ்-என்எஃப்சி-ரீஜியன் ஓட்டினால் எல்லாம் ஒற்றை எண்ணுக்கு வந்துவிடும்.

ஆனால் ‘ஔவை’யை ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டியிருந்தால் அதை இந்த ஆணை திருத்தாது. அது யூனிகோடு கணக்கில் வேறு சொல். தேடி மாற்றுவதுதான் வழி. ‘ஒளி’, ‘ஒளிவு’ என்று முறையாகவே ஒ, ள வரும் சொற்கள் இருப்பதால் மொத்தமாக மாற்றாமல் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

கேள்வி: டெர்மினலுக்குள் ஈமாக்ஸ் ஓட்டுகிறேன். ஃபான்ட்செட் வரிகள் எதுவும் வேலை செய்யவில்லையே?
– வாசகர், சேலம்

பதில்: செய்யாது. அங்கே எழுத்தை வரைவது டெர்மினல். எழுத்துருவையும் அதன் அமைப்பில்தான் மாற்ற முடியும். தவிர, டெர்மினல் திரையைச் சம அகலக் கட்டங்களாகப் பிரித்து எழுத்தை வைப்பதால் கொம்பும் காலும் நகர்ந்து, கர்சர் ஓரிடம் எழுத்து ஓரிடம் என்று நிற்கும். தமிழ்க் கோப்புக்குத் தனிச் சாளரத்தில் திறக்கும் ஈமாக்ஸையே பயன்படுத்துங்கள்.