ஸ்வெட்டர் கழுத்து குழந்தை தலையில் இறங்கவில்லை, கடைசி வரிசையை எப்படி முடிப்பது?

ஆறு மாதக் குழந்தைக்குப் பின்னிய ஸ்வெட்டர், ஒன்றுக்கு ஒன்று ரிப் (ஒரு நிட், அதாவது V போலத் தெரியும் கண்ணி, ஒரு பர்ல், அதாவது குறுக்கே மேடாகத் தெரியும் கண்ணி என மாறிமாறி வரும் பின்னல்) போட்ட கழுத்துப்பட்டி, 4 மி.மீ. ஊசி, தலை நுழையவில்லை என்று வேலூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். (இந்த வெயில் ஊரில் ஸ்வெட்டரா என்பவர்கள் மார்கழி விடியலில் ஜவ்வாதுமலை மேல் ஜமுனாமரத்தூர் போய்ப் பார்க்கட்டும்.)

அந்த வயதில் தலைச் சுற்றளவு 42, 43 செ.மீ. இருக்கும். ரிப் அதற்கு விரியும். விரியாதது மேலே உட்கார்ந்திருக்கும் பைண்ட் ஆஃப் சங்கிலி, அதாவது கண்ணிகளை மூடி முடித்த கடைசி வரிசை. ஒரு கண்ணியை அடுத்ததன் மேல் தூக்கிப் போடும்போது கண்ணிக்குக் கிடைப்பது துளி நூல்தான். இழுத்தால் விட்டுக்கொடுக்க அதில் எதுவுமில்லை. அதனால் கடைசி வரிசையை மட்டும் பிரித்தால் போதும். முடித்த முனையிலிருந்துதான் பிரியும். இரண்டு மூன்று கண்ணியாகப் பிரித்து, உடனுக்குடன் ஊசியில் ஏற்றுங்கள்.

5 மி.மீ. ஊசியால் முடியுங்கள் என்பார்கள். கை இறுக்கமானவர்களுக்கு அது பாதிதான் உதவும். ரிப்புக்கு நான் சொல்வது ஒவ்வொரு கண்ணிக்கும் முன் ஊசியில் நூலை ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றும் முறை. அடுத்தது நிட் கண்ணியா? பின்னால் இருக்கும் நூலை வலது ஊசியின் மேலாக முன்னே கொண்டுவந்து, அடிவழியாகப் பின்னே விடுங்கள். நிட் போடுங்கள். அந்தச் சுற்றை நிட் கண்ணியின் மேலாகத் தூக்கிக் கழற்றுங்கள். பர்ல் கண்ணிக்குச் சுற்று எதிர்த்திசையில்: முன்னால் இருக்கும் நூல் ஊசியின் மேலாகப் பின்னே போய், அடியில் முன்னே வரும், பர்ல் போட்டு, சுற்றை அதன் மேலாகத் தூக்கிக் கழற்றுங்கள். வலது ஊசியில் இரண்டு கண்ணி சேர்ந்ததும் முதலாவதை இரண்டாவதன் மேல் தூக்கிப் போடுங்கள். திசை மாறினால் சுற்று முறுக்கிக்கொண்டு அந்த இடம் தடிக்கும். பத்துக் கண்ணி ஆனதும் இழுத்துப் பாருங்கள். ரிப்போடு சேர்ந்தே விரிய வேண்டும்.

இதெல்லாம் உல்லன், அக்ரிலிக் நூலுக்கு. பருத்தி நூல் விரிந்தால் தானாகச் சுருங்காது. இந்த முறையில் விளிம்பு பாவாடைக் கொசுவம் மாதிரி அலையடிக்கும். பருத்திக்குத் தைத்து முடிப்பதே நல்லது. ஒன்றரை மீட்டர் நூல் விட்டு வெட்டி, மொட்டைமுனைத் தையல் ஊசியில் கோருங்கள். பின்னல் ஊசியிலுள்ள முதல் இரண்டு கண்ணியில் வலமிருந்து இடமாக நுழைத்து இழுங்கள். பிறகு முதல் கண்ணியில் மட்டும் இடமிருந்து வலமாக விட்டு, அதைக் கழற்றுங்கள். இப்படியே கடைசிவரை. நடுவில் நூல் தீர்ந்து முடிச்சுப் போட்டால் அந்த இடம் மட்டும் பிடிக்கும், அதனால் நூலில் கஞ்சம் வேண்டாம்.

அக்ரிலிக் என்றால் முடித்தபின் இஸ்திரிப்பெட்டி வைக்காதீர்கள். சூட்டில் ரிப்பின் துள்ளல் செத்துவிடும், பிறகு எந்த முறையில் முடித்திருந்தாலும் கழுத்து தொளதொளதான்.